மூணு நாள்... ஒரு பாலம்... ஒரு ரோடு!

பேக் பண்ணு பாஸ்!



ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிற நம்ம வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: ‘செமஸ்டர் லீவுல மூணு நாள் ஃப்ரீ. பாரிஸ், ரோம் எல்லாம் நம்ம பர்ஸுக்குத் தாங்காது. ரூம்மேட்ஸ் மோஸ்தார் போகலாம்ங்கிறாங்க. அங்கே ஒரு பாலத்தைத் தவிர வேற என்ன இருக்கு? அரை நாள் போதாதா?’

போதும் பாஸ்... போட்டோ எடுக்க மட்டும்னா அரை மணி நேரமே போதும்! ஆனா, ஊரைப் பார்க்கணும்னா முழுசா மூணு நாளும் வேணும். ஏன்னு சொல்றேன்.

மோஸ்தார், போஸ்னியா-ஹெர்ஸகோவினாவின் தெற்குப் பக்கம், நெரெத்வா ஆத்தங்கரையில் இருக்கிற பழைய ஊர். அந்த ஊர் மொழியில் ‘மோஸ்ட்’னா பாலம். பாலத்துக்குக் காவல் இருந்தவங்களை ‘மோஸ்தாரி’ன்னு கூப்பிட்டாங்க. அதிலிருந்துதான் ஊருக்கே பேர் வந்துச்சு. பக்கத்து நாடான குரோஷியாவின் துப்ரோவ்னிக், ஸ்ப்ளிட் நகரங்களிலிருந்து டூரிஸ்ட் பஸ்கள் வரும். இறங்குவாங்க, பாலத்துல நின்னு போட்டோ, ஒரு ஐஸ்க்ரீம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ணு... சாயங்காலம் பஸ் கிளம்பிடும். அவங்க பார்த்தது பாலம். ஊர் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது!

427 வருஷம் நின்ன கல்லு

முதல்ல பாலத்தோட ஃப்ளாஷ்பேக். துருக்கி சுல்தான் சுலைமான் உத்தரவு போட, புகழ்பெற்ற சிற்பி சினானோட சிஷ்யர் மிமார் ஹைருதீன் கட்டினது. 1566-ல் வேலை முடிஞ்சது. ஒரே வளைவு. நடுவில் தூண் கிடையாது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே கிட்டத்தட்ட 29 மீட்டர். சாரத்தைப் பிரிக்கிற அன்னிக்கு, ‘பாலம் விழுந்தா நம்ம தலையும் விழும்’னு பயந்து ஹைருதீன் தனக்கே குழி வெட்டி வச்சிருந்தார்னு ஊர்ல ஒரு கதை உண்டு. பாலம் விழலை. 427 வருஷம் நின்னுது!

அப்புறம் யுத்தம். 1992-ல் யூகோஸ்லாவியா உடைஞ்சப்போ, யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் ஊரைத் தாக்க, முஸ்லிம்களான போஸ்னியாக்குகளும் கத்தோலிக்கர்களான குரோட்டுகளும் சேர்ந்து நின்னு எதிர்த்தாங்க. அடுத்த வருஷமே அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுட ஆரம்பிச்சாங்க. ஒரே தெரு, ஒரே ஸ்கூல், ஒரே ஃபுட்பால் டீம்ல இருந்தவங்க! 1993 நவம்பர் 9 அன்னிக்கு குரோட் படைகளின் பீரங்கிக் குண்டுகளில் பாலம் உடைஞ்சு ஆத்துல விழுந்துச்சு.

இப்போ நாம பார்க்கிறது, பழைய முறையிலேயே கல்லு செதுக்கித் திரும்பக் கட்டி, 2004 ஜூலை 23-ல் திறந்த பாலம். பல நாடுகள் பணம் போட்டுச்சு. 2005-ல் யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சது. பாலத்துக்குப் பக்கத்துல ஒரு கல்லு கிடக்கும். ‘93-ஐ மறக்காதே’ன்னு எழுதியிருக்கும். அதைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் மெதுவா போங்க.

முதல் நாள்: கூட்டம் கலையட்டும்

சரயேவோ வரைக்கும் விமானம். அங்கிருந்து மோஸ்தாருக்கு ரயில். ரெண்டு மணி நேரப் பயணம். ஏரி, மலை, சுரங்கம், பச்சைக் கலர்ல ஆறுன்னு ஜன்னல்ல ஒரு சினிமாவே ஓடும். ஒரே ஒரு சிக்கல்... நினைச்சப்பல்லாம் ரயில் கிடையாது. நேரத்தை முன்னாடியே பார்த்து வச்சுக்கிட்டு மத்த பிளானைப் போடுங்க. ரயில் விட்டுப் போச்சா? பஸ் இருக்கு, கவலை வேண்டாம்.

ரூம்ல பையைப் போட்டுட்டு உடனே பாலத்துக்கு ஓடாதீங்க. சாயங்காலம் டூரிஸ்ட் பஸ் எல்லாம் கிளம்பின பிறகு போங்க. குயுன்ஜிலுக்னு ஒரு பழைய கடைத்தெரு. செம்புத் தட்டு, காபிச் சட்டி எல்லாம் வரிசையா இருக்கும். கோஸ்கி மெஹ்மத் பாஷா மசூதியோட கோபுரத்துல டிக்கெட் வாங்கிட்டு ஏறலாம். அங்கிருந்து பாலம் தெரியும் பாருங்க... சூப்பர்! ஆனா, அது தொழுகை நடக்கிற இடம். அதுக்கேத்த டிரஸ்ல போங்க. அங்கே நின்னு ரீல்ஸுக்கு டான்ஸ் ஆடுறதெல்லாம் வேணாமே, ப்ளீஸ்!

பாலத்துக் கல்லு, நூத்துக்கணக்கான கால் பட்டு வழவழன்னு இருக்கும். மழை பெய்ஞ்சா சறுக்குமரம்தான். நல்ல கிரிப் இருக்கிற ஷூ முக்கியம்.

கோடைக்காலத்துல இளைஞர்கள் பாலத்து மேல இருந்து ஆத்துல குதிப்பாங்க. இருபது மீட்டருக்கு மேல உயரம்! 1664-லேயே எவ்லியா செலபிங்கிற பயணி இதைப் பத்தி எழுதி வச்சிருக்கார். முதல்ல கூட்டத்துல காசு வசூல், அப்புறம்தான் ஜம்ப். காசு போட்டுட்டு வேடிக்கை பாருங்க. ‘நானும் எங்க ஊர்க் கிணத்துல குதிச்சவன்தான்’னு கிளம்பிடாதீங்க பாஸ். வெயில் காலத்துலயும் நெரெத்வா தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். வெயில்ல காய்ஞ்ச உடம்போட திடீர்னு உள்ளே போனா, நீச்சல் சாம்பியனுக்கே மூச்சு நின்னுடும்.

ரெண்டாம் நாள்: ஆறு இல்லை, ரோடு!

இதுதான் மேட்டர். கவனிங்க.

‘இந்தக் கரையில போஸ்னியாக், அந்தக் கரையில குரோட், நடுவுல சேர்த்து வைக்கிற பாலம்’னு சுலபமா ஒரு கதை சொல்லிடுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, சண்டை நடந்தப்போ பிரிவுக் கோடு ஆறு இல்லை. ஆத்துக்கு மேற்கே கொஞ்ச தூரம் தள்ளி, ‘புலவார்’னு ஒரு ரோடு. அதுதான் போர்முனை. பழைய பாலத்தோட ரெண்டு முனையும் போஸ்னியாக்குகள் பக்கம்தான் இருந்துச்சு. அதாவது, பாலத்தைக் கடந்தா நீங்க கோட்டைக் கடக்கலை. ரோட்டைக் கடந்தாத்தான்!

பாலத்துல இருந்து அங்கே நடந்தே போயிடலாம். ரோட்டோரம் சில கட்டடங்கள் கூரை இல்லாம, சுவர் முழுக்கக் குண்டுத் துளையோட, உள்ளே மரம் முளைச்சு நிக்கும். பக்கத்துலயே புதுசா பெயின்ட் அடிச்ச கடை. போரில் ஸ்னைப்பர்கள் ஒளிஞ்சிருந்து சுட்ட ஒரு பழைய பேங்க் பில்டிங்கும் உண்டு. ‘ஏறிப் பார்க்கலாம் மச்சி’ன்னு எவனாவது கூப்பிடுவான். வேண்டாம். சிதிலமான கட்டடம், பிடிமானம் கிடையாது. தவிர, அங்கே சுடப்பட்டவங்களோட பிள்ளைங்க இந்த ஊர்லதான் இருக்காங்க.

அதே ரோட்டுல ஸ்பானிஷ் சதுக்கம். அமைதிப் படையில் வந்து உயிர்விட்ட ஸ்பெயின் வீரர்கள் நினைவா வச்ச பேர். அங்கே நிக்கிற ஆரஞ்சு நிறக் கட்டடம்தான் பழைய ஜிம்னேசியம். உடற்பயிற்சிக் கூடம்னு நினைச்சுக்காதீங்க, அந்த ஊர்ல மேல்நிலைப் பள்ளிக்கு அதுதான் பேர்! ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சியில் கட்டினது. போருக்கப்புறம் ரெண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்துக்குத் திரும்பினாங்க. ஆனா, குரோட் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், போஸ்னியாக் பிள்ளைகளுக்கு வேற பாடத்திட்டம். கேட் ஒண்ணு, பாடம் ரெண்டு! ஒரே மாடிப்படியில் ஏறி, வேற வேற சரித்திரம் படிக்கிறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே கட்டடத்துல 2006-ல் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் ஆரம்பிச்சாங்க. அதுல பல நாட்டுப் பசங்களோட இந்த மூணு இனத்துப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்ந்து படிக்கிறாங்க.

இன்னொரு விஷயம். 2008-க்கு அப்புறம் இந்த ஊர்ல நகராட்சித் தேர்தலே நடக்கலை. எப்படி ஓட்டுப் போடுறது, யாருக்கு எத்தனை இடம்னு கட்சிகள் சண்டை போட்டுக்கிட்டே இருந்துச்சு. பதினெட்டு வயசு ஆனவங்க முப்பதை எட்டினப்பவும் தன் ஊர் கவுன்சிலருக்கு ஓட்டே போட்டதில்லை! இர்மா பரலியான்னு ஒரு ஆசிரியை, ‘என் ஓட்டுரிமை எங்கே?’ன்னு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2019 அக்டோபர்ல ஜெயிச்சாங்க. 2020 டிசம்பர் 20-ல் தேர்தல் நடந்துச்சு. ஒரே ஒரு ஆள் போட்ட கேஸ், பாஸ்!

நேரம் இருந்தா பார்ட்டிசான் நினைவிடத்துக்குப் போங்க. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்துச் செத்தவங்களுக்காக, போக்டன் போக்டனோவிச் வடிவமைச்சு 1965-ல் திறந்த இடம். எல்லா இனத்தவரோட பேர்க் கல்லும் ஒண்ணா கலந்து கிடந்துச்சு. 2022 ஜூன்ல யாரோ ராத்திரியோட ராத்திரியா அந்தக் கல்லையெல்லாம் உடைச்சுட்டாங்க. பாலத்தைத் திரும்பக் கட்டிடலாம். மத்தது அவ்வளவு ஈஸி இல்லைங்கிறது அங்கே நிக்கும்போது புரியும்.

மனசு கனமாயிடுச்சா? ஒரு ஜாலி மேட்டர். ‘எல்லாருக்கும் பிடிச்ச ஒரே ஹீரோ யாரு?’ன்னு இந்த ஊர் இளைஞர்கள் யோசிச்சாங்க. உள்ளூர்த் தலைவர் யாருக்குச் சிலை வச்சாலும் இன்னொருத்தர் முறைப்பார். கடைசியில் யாருக்கு வச்சாங்க தெரியுமா? புரூஸ் லீக்கு! 2005 நவம்பர்ல பார்க்ல திறந்தாங்க. அவர் எந்தக் கட்சியும் இல்லையே! 2024-ல் அந்தச் சிலையையும் திருடிட்டுப் போயிட்டாங்கன்னா பாருங்க!

மூணாம் நாள்: மலைக்குள்ள இருந்து ஒரு ஆறு

ப்ளகாய். ஊர்லேர்ந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். செங்குத்தான பாறைக்கு அடியில் குகை. அதுக்குள்ளேருந்து ஒரு ஆறு அப்படியே வெளியே வருது! ஆத்துக்குப் பேர் பூனா (நம்ம பூனா இல்லை!). தண்ணி ஓரமா பாறையை ஒட்டி சூஃபி துறவிகளோட பழைய மடம். அரை நாள் அங்கே சும்மா உட்கார்ந்திருங்க. மூணு நாள் டூர்ல சும்மா உட்கார அரை நாள் ஒதுக்காதவன் டூர் போகலை, டியூட்டி பார்க்கிறான்!

பர்ஸ், பாஸ்போர்ட், பசி

* விசா: போஸ்னியா ஐரோப்பிய யூனியன்லயும் இல்லை, ஷெங்கன்லயும் இல்லை. ‘ஜெர்மனி கார்டு இருக்கே’ங்கிற தைரியத்துல டிக்கெட் போடாதீங்க. முதல்ல போஸ்னியத் தூதரகத்துல உங்க பாஸ்போர்ட்டுக்கு என்ன விதின்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. ஒரே முறை நுழையுற ஷெங்கன் விசான்னா, வெளியே போனதும் அது தீர்ந்துடும். திரும்பி வர முடியாது!

* காசு: அந்த ஊர்ப் பணம் ‘கன்வர்ட்டிபிள் மார்க்’. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க்னு நிலையா வச்சிருக்காங்க. மனக்கணக்குக்கு ரெண்டால பெருக்கிக்கோங்க. நாட்டை விட்டு வெளியே வந்துட்டா மாத்துறது கஷ்டம். மிச்சத்தைக் காபியா குடிச்சுடுங்க.

* போன்: ஐரோப்பிய யூனியன் சிம்மோட இலவச ரோமிங் அங்கே செல்லாது. மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிடுங்க.

* சாப்பாடு: அசைவம்னா செவாப்பி. சுட்ட கறித்துண்டு, மெத்துனு ரொட்டி, பச்சை வெங்காயம். சைவம்னா உஷார்... போஸ்னியாவுல ‘புரேக்’னாலே உள்ளே கறிதான். சீஸ் வச்சதுக்கு ‘சிர்னிட்சா’, உருளைக்கிழங்குக்கு ‘க்ரொம்பிருஷா’, கீரைக்கு ‘செல்யானிட்சா’. இந்த மூணு பேரையும் மனப்பாடம் பண்ணிட்டா பட்டினி இல்லை. காபி செம்புச் சட்டியில் வரும். அவசரப்படாம குடிக்கணும். அதைத் துருக்கிக் காபின்னு மட்டும் சொல்லிடாதீங்க!

* சீசன்: ஜூலை, ஆகஸ்ட்ல வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். ஏப்ரல்-மே, இல்லைன்னா செப்டம்பர்-அக்டோபர் பெஸ்ட்.

* கண்ணிவெடி: காமெடி இல்லை, நிஜம். போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் நாட்டோட காட்டுப் பகுதிகள்ல இன்னும் இருக்கு. ஊருக்குள்ள பயமில்லை. மலையேறப் போனா குறிச்ச பாதையை விட்டு ஒரு அடிகூட விலகாதீங்க.

கடைசியா ஒண்ணு. அங்கே யாரையும் பார்த்து ‘நீங்க எந்தப் பக்கம்?’னு கேட்காதீங்க. காபி குடிங்க, பேச்சுக் கொடுங்க. அவங்களா சொன்னா காது கொடுத்துக் கேளுங்க. சொல்லலைன்னா காபி இருக்கு, ஆறு இருக்கு, போதும்.

கேள்வி கேட்ட நண்பரே... பாலத்துக்கு அரை மணி நேரம் போதும்னு சொன்னேன்ல? அது உண்மைதான். அந்த ரோட்டைக் கடக்கவும் அரை நிமிஷம் போதும். ஆனா, அதே ஊர்ல பிறந்து வளர்ந்த சில பேர் முப்பது வருஷமா அதைக் கடக்க யோசிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க ஒரு தடவை கடந்து, திரும்பி வந்து எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் வேற ஊர்... பையைத் தயாரா வைங்க!