பேசும் போன் எழுத்தறிவு தராது

"போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே, இன்னும் எதுக்குப் பிரெயில்?" பார்வையற்ற பிள்ளையின் பெற்றோர் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், உதவ வரும் நன்கொடையாளர்களும் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தே ஆக வேண்டும்.

போன் திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக்கும் வாய்ஸ்ஓவரும் இல்லாமல் இன்று பார்வையற்ற எங்களுக்குப் பொழுது போவதில்லை. ஆனால் காதால் கேட்பது வேறு, எழுத்தை அறிவது வேறு. 'நான்' என்ற சொல்லில் முதலில் வருவது நகரம், முடிவில் வருவது னகரம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரெயிலில் நகரத்துக்கு நான்கு புள்ளி, னகரத்துக்கு இரண்டே புள்ளி, விரல் ஏமாறாது. கேட்டே படித்து வளரும் பிள்ளைக்குத் தேர்வில் சொல்வதை எழுதித் தர ஆள் கிடைக்கிறார். அவர் தமக்குத் தெரிந்தபடி எழுதிவிடுவதால் பிள்ளையின் பிழை விடைத்தாளில் ஏறுவதே இல்லை. வேலைக்கான விண்ணப்பத்தைத் தானே தட்டச்சு செய்யும் நாளில்தான் குட்டு உடைகிறது.

பிரெயில் 1829இல் வெளிவந்த முறையாம், பழைய சரக்காம். அச்சு அதைவிடப் பழையது: தமிழில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் அச்சானது 1578இல். ஒலிப்புத்தகம் வந்துவிட்டது, ஆகவே கண் தெரிந்த பிள்ளைக்கு அ, ஆ வேண்டாம் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

இப்போது இன்னொரு வாதமும் கிளம்பியிருக்கிறது. பிரெயில் தாளைப் படம் பிடித்தால் அச்செழுத்தாக மாற்றித் தரும் செயலிகள் வந்துவிட்டன. எனவே ஆசிரியரும் பிரெயில் கற்க வேண்டியதில்லை என்கிறார்கள். அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். தாளும் வெள்ளை, புள்ளியும் வெள்ளை. கேமராவுக்குத் தெரிவது புள்ளியின் நிழல் மட்டுமே. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். தலைக்கு நேர்மேலே எரியும் டியூப்லைட்டில் பாதிப் புள்ளிகள் காணாமல் போகும். இருபக்கமும் அச்சிட்ட தாளென்றால் பின்பக்கத்துப் பள்ளங்களும் சேர்ந்து குழப்பும். அதையெல்லாம் தாண்டினாலும் முதல் புள்ளியும் மூன்றாம் புள்ளியும் சேர்ந்தால் தமிழில் 'க', ஆங்கிலத்தில் 'கே', ஆங்கிலச் சுருக்கெழுத்தில் தனியே நின்றால் 'நாலெட்ஜ்' என்ற முழுச்சொல். எது என்று தீர்மானிக்க மொழி தெரிந்த ஆள் வேண்டும். பிள்ளை எழுதியதை அறிய ஆசைப்படும் ஓர் அம்மாவுக்கு அந்தச் செயலி உதவட்டும், நல்லது. பிரெயில் அறிந்த பார்வையற்றவருக்கு அதனால் என்ன பயன்? கேமராவைச் சரியாகப் பிடிப்பதற்குள் விரல் அந்த வரியைப் படித்து முடித்திருக்கும். ஆசிரியர் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: பிரெயிலில் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பிரெயிலில் மொத்தம் 6 புள்ளிகள், 63 வடிவங்கள். கண்ணால் பார்த்துப் படிப்பவருக்கு ஒரு கோடை விடுமுறை போதும்.

வேடிக்கை என்னவென்றால், போன் தயாரிப்பவர்களே பிரெயிலைக் கைவிடவில்லை. ஆப்பிள் 2014இலும் கூகுள் 2020இலும் தொடுதிரையிலேயே பிரெயில் விசைப்பலகை வைத்தன. திரையை வெளிப்பக்கமாகத் திருப்பி, இரு கைகளிலும் மும்மூன்று விரல்களால் தட்டலாம். நெரிசலான பஸ்ஸில் வீட்டு விவகாரத்தை வாய்விட்டுச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பிய அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். பிரெயில் தெரியாதவருக்கோ இந்த வசதி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

காதும் கேளாதவர்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதே இல்லை. அவர்களிடம் பேசும் போன் என்ன பேசும்? புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயில் திரையைப் போனுடன் இணைத்தால்தான் செய்தி அவர்கள் விரலுக்கு வரும். அதன் விலை பெரும்பாலும் போனையே மிஞ்சும். வாங்கித் தர ஆளில்லை.

ஆகவே நன்கொடையாளர்களே, போனோடு நிறுத்தாமல் பள்ளிக்கு ஒரு பிரெயில் திரையும் பிள்ளைக்குப் பிரெயில் எழுத ஒரு சிலேட்டும் ஊசியும் கொடுங்கள். தலைமை ஆசிரியர்களே, பிரெயில் பாடவேளையில் கை வைக்காதீர்கள்.