கேஸ் முடியட்டும் என்றால் ஓட்டோ முடிந்துவிடும்

ஏதாவதொரு பொலிஸ் நிலையத்தின் பின்வளவை ஒருக்கா எட்டிப் பாருங்கள். டயர் இறங்கிய ஓட்டோக்கள், சீற் கிழிந்த மோட்டார் சைக்கிள்கள், கொடி படர்ந்து நம்பர் தெரியாத வான்கள். குற்றவாளிகளின் சொத்து, கிடக்கட்டும் என்று நினைத்துக் கடந்து போகிறோம். ஆனால் அதில் ஒரு பகுதி, எந்த வழக்கிலும் சந்தேகநபராகக்கூடப் பெயர் வராத ஆக்களின் உழைப்பு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஐஸும் தூளும் எங்கள் ஊர்களில் என்ன செய்திருக்கின்றன என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களை அதற்குப் பறிகொடுத்திருக்கிறோம். ஆகவே "நீங்கள் போதைக்காரருக்கு வக்காலத்து வாங்குறீங்கள்" என்ற கதையை எங்களிடம் கொண்டுவர வேண்டாம். நாங்கள் கேட்பது வேறு. பிடிபட்டவன் ஒருவன், தண்டனை அனுபவிப்பவர் இன்னொருவர் என்றால், அதற்குப் பெயர் என்ன?

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் லீசிங்கில் ஓட்டோ எடுக்கிறார். வயது போய்விட்டது, அல்லது வேறு வேலை இருக்கிறது, நாள் வாடகைக்கு ஒரு பெடியனிடம் கொடுக்கிறார். சோதனைச் சாவடியில் அந்தப் பெடியனின் பொக்கற்றிலோ, பின்னால் இருந்த பயணியின் பையிலோ ஒரு பக்கற் அகப்படுகிறது. பெடியன் விளக்கமறியலுக்குப் போகிறான். ஓட்டோ சான்றுப்பொருளாகிப் பின்வளவுக்குப் போகிறது. உரிமையாளர் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு பொலிஸுக்கு அலைகிறார். "கேஸ் முடியட்டும் ஐயா, பாப்பம்." இவ்வளவுதான் பதில்.

எப்போது முடியும்? பிடித்த பொருள் முதலில் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகவேண்டும், அங்கிருந்து அறிக்கை வரவேண்டும், பிறகு குற்றப்பத்திரம், பிறகு தவணை, தவணைக்கு மேல் தவணை. ஓட்டோவுக்கோ ஒரு மாரி மழை போதும், தகரம் கறள் பிடிக்கும். பற்றரி செத்துப்போகும், வயரை எலி தின்னும். லீசிங் தவணை மட்டும் ஒரு மாதமும் பிந்தாது. வண்டி பொலிஸில் நிற்கிறது என்று கொம்பனிக்குச் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஓட்டோக்களுக்கே என்ன விலை போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் இப்படித்தான் செய்யச் சொல்கிறதா? இல்லை. இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவைப் பாருங்கள். சந்தேகத்தில் கைப்பற்றிய சொத்தைப் பொலிஸ் உடனடியாக நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். உரித்துடைய ஆளிடம் அதைக் கையளிப்பது பற்றி நீதவான் தாமதமில்லாமல் கட்டளையிட வேண்டும். வழக்கு முடிந்த பிறகு சொத்தை என்ன செய்வது என்பதற்குத் தனியாக 425ஆம் பிரிவு இருக்கிறது. அதாவது இடையில் கொடுப்பதும் இறுதியில் அரசுடைமையாக்குவதும் இரண்டு வேறு கேள்விகள். இரண்டையும் குழப்பி, "கடைசியில் அரசுக்குப் போகலாம், ஆகவே இப்போது கொடுக்க முடியாது" என்பது சட்டமில்லை, சோம்பல்.

அபாயகர ஔடதங்கள் சட்டத்தில் அரசுடைமையாக்கும் பிரிவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வருவது ஒருவர் குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட பிறகு. அந்தக் கட்டத்தில்கூட உரிமையாளருக்கு வாய் இருக்கிறது. 1987இல், களவாக மரம் ஏற்றிய ஒரு லொறியின் வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளரைக் கேட்காமல் அவருடைய வாகனத்தைப் பறிக்க முடியாது. வனக் கட்டளைச் சட்டத்துக்கு 2009இல் வந்த திருத்தம் பாரத்தை உரிமையாளரின் தலையில் இன்னும் இறுக்கியது, எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அவரே நிரூபிக்க வேண்டும். சரி, மரம் ஏற்றும் லொறிக்கு அதைக் கேட்கலாம் என்று வைப்போம். ஓட்டோக்காரர் என்ன முன்னெச்சரிக்கை எடுப்பது? லைசன்ஸ் பார்க்கலாம், ஊரில் விசாரிக்கலாம். ஏறுகிற பயணியின் பொக்கற்றுக்குள் கை விடலாமா?

பஸ்ஸில் ஒரு பயணி கஞ்சாப் பொதியோடு பிடிபட்டால் அவனை இறக்குவார்கள், பஸ் போகும். கொள்கலனுக்குள் அகப்பட்டால் கப்பலை யாரும் வருடக்கணக்கில் கட்டிவைப்பதில்லை. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் என்றால் மட்டும் வாகனமும் உள்ளே. ஏன்? சொந்தக்காரருக்குக் கதைக்க ஆளில்லை.

இதையே 2025 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அசாம் லொறி வழக்கொன்றில் பார்த்தது. லொறியில் வந்த ஒருவனிடம் சவர்க்காரப் பெட்டிக்குள் 24.8 கிராம் ஹெரோயின் அகப்பட்டது. உரிமையாளர் எதிரியில்லை. கடனுக்கு வாங்கிய லொறி, அவருக்குப் பிழைப்பே அதுதான். நீதிமன்றம் லொறியை விடுவித்தது, சும்மா இல்லை, நிபந்தனையோடு. முதலில் வீடியோவும் புகைப்படமும் எடுக்க வேண்டும், வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, கேட்டால் ஒரு வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும் அல்லது பெறுமதியைக் கட்ட வேண்டும். உரிமையாளரே கடத்தினால் வேறு கதை என்றும் பிரித்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் அதில் உள்ள புத்தி எல்லைக்கு இந்தப் பக்கமும் செல்லும்.

"பெரிய ஆக்கள் அடுத்தவன்ர பேரில வாகனம் ஓடுறாங்கள், விட்டால் அதே வண்டி திரும்ப வரும்." இதுதான் நாங்கள் கேட்கும் வலுவான மறுப்பு. பொய்யில்லை. ஒளித்துக் கொண்டுபோக அறை வெட்டிய வான் என்றால் கொடுக்காதீர்கள், நாங்களே சொல்கிறோம். பினாமி என்று சந்தேகம் என்றால் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். குற்றச்செயல்களால் வந்த வருமானம் பற்றி 2025இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறதே, அது எதற்கு? மாதாமாதம் லீசிங் கட்டின பற்றுச்சீட்டைக் காட்டும் மனுசனைப் பினாமியாகப் பார்ப்பதற்கு அல்ல. அதோடு பெறுமதிக்குப் பிணைமுறி வாங்கிக்கொண்டால் அரசுக்கு என்ன நட்டம்? வழக்கு முடிந்து அரசுடைமையாக்கினாலும் கிடைக்கப்போவது கறள் கட்டிய தகரம். முறி என்றால் காசாவது மிஞ்சும்.

2023 டிசம்பரில் 'யுக்திய' தொடங்கியபோது தினமும் கைது எண்ணிக்கை செய்தியாக வந்தது. ஆட்சி மாறியது, நடவடிக்கையின் பெயர் மாறியது. விடுவித்த வாகனங்களின் எண்ணிக்கை என்று ஒரு செய்தியை நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. சான்றுக்கு வேண்டியதைச் சில நாட்களில் எடுத்துவிடலாம்: படம், கைரேகை, என்ஜின் நம்பர், செசி நம்பர். அதற்குப் பிறகும் எதிரியில்லாத உரிமையாளரின் வண்டியை வைத்திருக்க வேண்டுமென்றால், ஏன் என்று பொலிஸ்தான் நீதிமன்றத்துக்குக் காரணம் சொல்லவேண்டும். கொடுங்கோ என்று உரிமையாளர் கும்பிட்டு நிற்கும் நிலை தலைகீழாக வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒருவர் இருந்தால், பொலிஸ் நிலைய வாசலில் நாளை வீணாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே உள்ளவர்களுக்கு "இல்லை" என்று தீர்க்கும் அதிகாரம் கிடையாது, அது நீதவானுடையது. வாகனப் பதிவுப் புத்தகம், காப்புறுதி, லீசிங் ஒப்பந்தம், கட்டிய பற்றுச்சீட்டுகள், ஓடியவருக்கு வாடகைக்குக் கொடுத்ததற்கு ஏதாவது எழுத்து இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு, சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாரி தொடங்க முதல் போங்கள்.