ஐரிஷ் ஸ்டூன்னா ஆஹா, மாட்டுக்கறின்னா உவ்வேயா?

மக்களே, சமையல் குறிப்பு நடுவுல வரும். முதல்ல கொஞ்சம் புலம்பிக்கறேன்.

ஆணி புடுங்குற இடத்துல, "இந்த வாரம் கின்னஸ் ஊத்தி ஐரிஷ் பீஃப் ஸ்டூ செய்யப் போறேன்"னு சொன்னா, "சூப்பர் மச்சி, ரெசிபி அனுப்பு" என்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறிக் குழம்பு"ன்னு சொல்லிப் பாருங்க, பக்கத்து சீட்டு டிபன் பாக்ஸ் அரை அடி தள்ளிப் போகும். ரெண்டுலயும் அதே கறி, அதே வெங்காயம். பேர் இங்கிலீஷ்ல இருந்தா ரசனை, தமிழ்ல இருந்தா சாதி. இதான் என் கடுப்பு.

இத்தனைக்கும் அந்த ஸ்டூ ஒண்ணும் ராஜா வீட்டு விருந்து இல்லை. பழைய ஐரிஷ் ஸ்டூ என்பது ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணி, அவ்வளவுதான். மாடு பாலுக்கும் ஏற்றுமதிக்கும். 1845ல் தொடங்கிய பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் அங்கிருந்து மாடுகள் கப்பலேறின. மாட்டுக்கறியும் கருப்பு பீரும் சேர்ந்தது அப்புறம் வந்த பழக்கம்.

சரி, செய்முறை. ஒரு கிலோ முன்னங்கால் அல்லது கழுத்துக்கறி. மிருதுவான கறி வேண்டாம், ஜவ்வு இருக்கிற முரட்டுக் கறிதான் வேணும். அந்த ஜவ்வு மெதுவான சூட்டில் கரைந்துதான் குழம்பைக் கெட்டியாக்கும். மைதா தூவி, எண்ணெயில் நல்லா சிவக்க வறுத்து எடுங்க. அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, கேரட் வதக்கி, கறியைத் திரும்பப் போட்டு, ஒரு கேன் கருப்பு பீர், கொஞ்சம் தண்ணி, பிரிஞ்சி இலை, மிளகு, உப்பு. சின்னத் தீயில் மூணு மணி நேரம். உருளைக்கிழங்கு கடைசி அரை மணியில். அவசரக்காரர்களுக்கு குக்கர் இருக்கவே இருக்கு. ஆல்கஹால் பெரும்பாலும் ஆவியாயிடும், முழுசா போகாது. குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நம்ம டாஸ்மாக்கில் கிடைக்கிற சாதா பீர் இதுக்கு உதவாது. கருப்பு பீரின் ருசி வறுத்த பார்லியில் இருந்து வருவது. அது கிடைக்காட்டி கால் டம்ளர் கடுங்காப்பியும் ஒரு துண்டு கருப்பட்டியும் போடுங்க. டப்ளின்காரன் திட்டலாம், நாக்கு திட்டாது :-)

இப்ப ஊர் விஷயம். "திருவண்ணாமலையில் உட்கார்ந்துகிட்டு இதெல்லாமா?" என்பார்கள். பௌர்ணமிக்கு பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறவங்க எதிரில் கறி வறுக்க மாட்டேன். அது மரியாதை, ஒத்துக்கறேன். ஆனா கிரிவலப் பாதைக்குள்ள என் வீட்டு அடுப்பு வராதுங்க. இந்த ஊரில் கோயிலைச் சுத்தி வருபவர்கள் மட்டும் இல்லை, தலைமுறை தலைமுறையா இதே கறியைத் தின்று வளர்ந்தவர்களும் இருக்காங்க. தமிழ்நாட்டுச் சட்டமும் முழுத் தடை போடவில்லை. 1958ம் வருஷச் சட்டப்படி பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாட்டை சான்றிதழ் வாங்கி வெட்டலாம். பசுவுக்கு மட்டும் 1976ல் இருந்து தடை. கிழட்டு மாட்டுக்கறி என்பதால்தான் நம்ம வீடுகளில் இவ்வளவு நேரம் வேகவைக்கிறார்கள். அதாவது, ஸ்டூவின் ரகசியம் சேரிக்கு எப்பவோ தெரியும்!

2022 மே மாசம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். ஆம்பூரிலேயே இந்தக் கதின்னா பாருங்க.

வேண்டாம் என்பவர்கள் சாப்பிட வேண்டாம், சைவக்காரர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஸ்டூவை போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு குழம்புக்கு மூக்கைப் பொத்துகிற ஆட்களோடுதான் சண்டை. அடுத்த தடவை "பீஃப்"னு ஸ்டைலா சொல்ற வாயால ஒரு தடவை "மாட்டுக்கறி"ன்னு சத்தமா சொல்லிப் பாருங்க. கூச்சமா இருந்தா, அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்ததுன்னு யோசிங்க. அதுக்குள்ள கறி வெந்துடும்.

டிஸ்கி: ஸ்டூ அன்னைக்கே சாப்பிடாதீங்க. மறுநாள் சூடு பண்ணினா ருசியே தனி, நம்ம மீன் குழம்பு மாதிரி.