லோடுமேன்களின் முகம் எங்கே?

இவான் ஐர் இயக்கிய ‘மீல் பத்தர்’ 2020இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2021 மே மாதம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த இந்திப் படம். மைல்கல் என்று பொருள். டெல்லிக் குளிர்காலப் புகைமூட்டத்துக்குள் ஒரு லாரி ஓடிக்கொண்டே இருக்கிறது. பொறுமை வேண்டும், ஆனால் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

டிரைவர் காலிப், கம்பெனியில் வேறு யாரும் தொடாத 5 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டவர். மனைவி இறந்துவிட்டார். முதுகுவலி விடாமல் தின்கிறது. பார்வை மங்கிய சக டிரைவர் தில்பாகை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். காலிப்பின் பக்கத்து சீட்டில் பாஷ் என்ற இளைஞன், தொழில் பழக. பழகி முடித்தால் தன் சீட்டுக்கே வருவான் என்று காலிப்புக்குத் தெரியும். (1988இல் காலிஸ்தான் தீவிரவாதிகள் சுட்டுக்கொன்ற பஞ்சாபி இடதுசாரிக் கவிஞரின் பெயரும் பாஷ்தான்.)

தனிமையைப் பற்றிய படம், துக்கத்தைப் பற்றிய படம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம் கண்ணில் பட்டது வேறு. கூலி உயர்வு கேட்டு லோடுமேன்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். சரக்கு போய்ச் சேர வேண்டுமே என்று காலிப் தானே மூட்டை தூக்குகிறார். முதுகு போகிறது. நெடுஞ்சாலையில் தவறாத வழி அவருக்கு அங்கேதான் தவறுகிறது. போராடுகிறவன் கீழே வைத்த வேலையை எடுத்துச் செய்பவனைக் கருங்காலி என்போம். காலிப்பை அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அடுத்த தில்பாக் நாம்தான் என்ற பயம் அவரைத் தூக்க வைக்கிறது. லோடுமேனின் கூலியை நசுக்குவதும், பாஷை அவர் பக்கத்தில் உட்கார வைப்பதும் ஒரே முதலாளிதான்.

ஆனால் காலிப்புக்கு மனைவி, வீடு, கடந்த காலம், ஒரு கவிஞனின் பெயர் என எல்லாம் தருகிற படம், லோடுமேன்களைச் சில காட்சிகளோடு அனுப்பிவிடுகிறது. அவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள், ஸ்டியரிங் ஏன் அவர்கள் கைக்கு வருவதில்லை? இதைக் கேட்காமல் ‘தொழிலாளர்’ என்று ஒரே சொல்லில் மூடிவிடுவது இடதுசாரிப் படங்களின் பழைய வியாதி. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அண்ணல் 1936லேயே எழுதிவிட்டார்.

அதற்கு முன்பே, 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தில் இதை அவர் நேரடியாக எழுப்பினார். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் தீண்டப்படாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், தீட்டு என்று சக தொழிலாளிகளே தடுத்தார்கள். அந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேருங்கள் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டார்கள்.

லாரி ஷெட்டுகளில் வேலை செய்யப் போகும் தோழர்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். டிரைவரும் லோடுமேனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்களா என்றும் பாருங்கள்.