பிள்ளையின் முதுகில் ஏறி அமுக்கினால் கால் உயராது



நெளுக்குளம், வேப்பங்குளம், பட்டானிச்சூர், பம்பைமடுப் பக்கத்துப் பெற்றோருக்கும், பிள்ளைகளுக்குக் கராத்தே, தேக்வாண்டோ பழக்குகின்ற மாஸ்டர்மாருக்கும் எழுதுகின்றேன். பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளின் இடுப்பும் முழங்காலும் சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். நான் இந்த வகுப்புகளுக்கு எதிரானவன் இல்லை. பாடசாலை விட்டால் டியூசன், டியூசன் விட்டால் போன் என்று இருக்கின்ற பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் வியர்க்க வைக்கின்ற எதுவும் நல்லதுதான். வகுப்பில் பின்வாங்கில் ஒளிந்துகொண்டிருந்த பிள்ளை, கராத்தே பழகத் தொடங்கி ஆறு மாதத்தில் எழுந்து நின்று பதில் சொல்வதைக் கண்டிருக்கின்றேன். சொற்பக் காசுக்கும், சிலவேளை காசே வாங்காமலும் பழக்குகின்ற மாஸ்டர்மார் இருக்கின்றார்கள். அவர்களுக்கு மரியாதை.

நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளையின் காலை விரிக்க வைத்து, பின்னால் இன்னொருவர் ஏறி அமுக்குவது.

எல்லோரும் கண்டிருப்பீர்கள். பிள்ளை சுவரைப் பார்த்து உட்காரும். இரண்டு காலையும் சுவரோடு விரிக்கச் சொல்வார்கள். பெரிய மாணவன் ஒருவன் பின்னால் நின்று முழங்காலால் முதுகைத் தள்ளுவான். அல்லது ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டி இருக்கும்போது தோளில் கை வைத்து அமுக்குவான். பிள்ளை பல்லைக் கடிக்கும், அழும். "அழுதால்தான் ஸ்பிளிட் வரும்" என்று சொல்வார்கள். அதைப் படம் பிடித்துப் போடுகின்றவர்களும் இருக்கின்றார்கள். நாங்களும் "மாஷா அல்லாஹ்", "வாழ்த்துக்கள்" என்று கீழே எழுதுகின்றோம். அந்தப் படத்தில் பிள்ளையின் முகத்தை எத்தனை பேர் பார்க்கின்றோம்?

உடம்புக்குள் நடப்பது இதுதான். தசைக்குள் இழுவையை உணர்கின்ற நுண்ணிய நரம்பு உறுப்புகள் இருக்கின்றன. திடீரென்றோ பலமாகவோ இழுத்தால் அவை தசையை இறுக்கச் சொல்லும். கிழிந்துபோகாமல் காக்க அல்லாஹ் வைத்த ஏற்பாடு அது. பிள்ளை பயந்தால் இன்னும் இறுகும். ஆகவே அமுக்குகின்றவர் ஒரு பக்கம் இழுக்க, பிள்ளையின் தசை மறுபக்கம் இழுக்கின்றது. இரண்டுக்கும் நடுவில் பலவீனமான இடம் எதுவோ அது போகும்.

வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் தசைதான் கிழியும். 12 முதல் 17 வயதுப் பிள்ளைக்குப் பலவீனமான இடம் எலும்பில் இருக்கின்றது. கதிரையில் இருக்கும்போது கீழே அழுந்துகின்ற எலும்பு இருக்கிறதே, தொடையின் பின்பக்கத் தசைகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்த வயதில் அந்த இடம் முழுதாக எலும்போடு ஒட்டியிருக்காது. இடையில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். அது முற்றாகப் பொருந்த பதின்ம வயதின் கடைசிவரைக்கும், சிலருக்கு 20 தாண்டியும் செல்லும். கடுமையான இழுவையில் தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். மருத்துவ நூல்களில் இது புதுமையான விசயம் அல்ல. கால் விரித்தலும் பலத்த உதையும் வேக ஓட்டமும் இதற்குச் சொல்லப்படுகின்ற வழமையான காரணங்கள்.

"டப்" என்று ஒரு சத்தம், உடனே நடக்க முடியாமை, உட்காரும்போது வலி. இவை இருந்தால் "சதை பிடிச்சிட்டுது" என்று எண்ணெய் போட்டு உருவக் கூடாது, இழுத்து விடவும் கூடாது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உருவினால் பெயர்ந்தது இன்னும் விலகக்கூடும்.

இன்னொன்று. வேகமாக உயரம் வளர்கின்ற அந்த இரண்டு மூன்று வருடத்தில் பல பிள்ளைகளின் உடம்பு இறுகித்தான் இருக்கும். எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை பின்னால் வரும். போன வருடம் தலைக்கு மேலே உதைத்த பிள்ளை இந்த வருடம் நெஞ்சளவுக்கே உதைக்கலாம். அது சோம்பல் அல்ல, வளர்ச்சி. அந்த நேரத்தில்தான் நாங்கள் அதிகமாக அமுக்குகின்றோம்.

"நாங்களும் இப்படித்தான் பழகினோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மாஸ்டர்மார் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆனவர்கள் வகுப்பை விட்டுப் போய்விட்டார்கள். கறுப்புப் பட்டி கட்டி இன்று பேசுகின்றவர்கள் தப்பி வந்தவர்கள். இடையில் நின்றுபோனவர்களின் இடுப்பைப் பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

"உயர உதைத்தால்தானே புள்ளி" என்ற வாதமும் இருக்கின்றது. அதுவும் சரி. உலக கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. அப்படியென்றால் உயரம் வேண்டும்தான். ஆனால் கராத்தேயின் அடிப்படை அது அல்ல. ஒகினாவாத் தீவின் பழைய கராத்தேயில் உதைகள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான்: முழங்கால், தொடை, அடிவயிறு. கிச்சின் ஃபுனாகோஷி 1922 இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டிய பிறகு, ஜப்பானில் அது வளர்ந்த காலத்தில்தான் உயர உதைகள் பெருகின. முதல் தரப்படுத்தலுக்குப் போகின்ற எட்டு வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவுக்கு ஒழுங்காக உதைக்க வந்தால் போதும்.

அமெரிக்காவின் பில் வாலஸ் என்ற உதைச் சண்டை வீரரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜூடோவில் வலது முழங்கால் காயப்பட்டதால் இடது காலால் மட்டுமே உதைத்தார். அந்த ஒற்றைக் காலோடு 1974 முதல் 1980 வரை உலகச் சம்பியனாக இருந்து தோற்காமலே ஓய்வு பெற்றார். அவரை வெல்ல வைத்தது அந்தக் காலின் வேகமும் துல்லியமும். கூடவே ஒரு பாடமும் உண்டு: போன முழங்கால் போனதுதான், சம்பியனுக்கும் திரும்பி வராது.

அப்படியென்றால் காலை எப்படி உயர்த்துவது? வழி இருக்கின்றது. மெதுவான வழி, ஆனால் உறுதியான வழி.

முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். பிள்ளை காலையிலிருந்து வாங்கில் இருந்து, பின்னேரம் டியூசனிலும் இருந்துவிட்டு வருகின்றது. தொடைத் தசை சுருங்கிப்போய் இருக்கும். வவுனியா வெயிலில் வியர்த்திருப்பதை வோர்ம் அப் என்று நினைக்கக் கூடாது. மெதுவோட்டம், கயிறடித்தல், குந்தி எழும்புதல் என்று பத்து நிமிடமாவது வேண்டும்.

அடுத்தது காலை வீசுவது. சுவரையோ கதிரையையோ பிடித்துக்கொண்டு காலை முன்னுக்கு, பக்கத்துக்கு, பின்னுக்கு வீச வேண்டும். முதலில் பதிவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர. ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்துப் பன்னிரண்டு தரம். கேரளத்துக் களரியில் பிள்ளைகள் ஆயுதத்தைத் தொடுமுன்னரே காலெடுப்புப் பழகுவது இதைத்தான். உதைக்கும்போது கால் வேகமாகப் போய் வர வேண்டும். ஆகவே வேகமாகப் போய் வந்துதான் அதைப் பழக்க வேண்டும்.

ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கின்ற ஸ்ட்ரெச்சிங் வகுப்பின் கடைசியில் வர வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் பலம் குறைகின்றது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கடைசியில், உடம்பு சூடாக இருக்கும்போது, 15 முதல் 30 விநாடி. இரண்டு மூன்று தரம். மூச்சை அடக்காமல். இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. எவ்வளவு தூரம் போவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு முறை இருக்கின்றது. நீட்டிய நிலையில் அந்தத் தசையை ஆறு ஏழு விநாடி இறுக்கி, பிறகு தளர்த்தி, இன்னும் கொஞ்சம் போவது. 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற வைத்தியர் வாதம் வந்த நோயாளிகளுக்காக உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது இது. அமுக்க ஆள் தேவையில்லை.

கடைசியாகப் பலம். பல பிள்ளைகளால் கையால் தூக்கினால் காலை உயரக் கொண்டுபோக முடியும், கையை விட்டால் விழுந்துவிடும். அங்கே குறைவது நீட்சி அல்ல, தூக்குகின்ற தசையின் பலம். முழங்காலை உயர்த்திப் பிடித்து நிற்பது, மிக மெதுவாக உதைத்து மெதுவாகத் திரும்ப மடக்குவது, இவை செய்தால் கால் உயரும். பக்கத்துக்கு விரிக்கும்போது இடுப்பை முன்னுக்குச் சரிக்கச் சொல்லிக் கொடுங்கள். சரிக்காவிட்டால் இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு முட்டும். சிலருக்கு மூட்டின் அமைப்பே முழு ஸ்பிளிட்டுக்கு இடம் தராது. எலும்பு முட்டுகின்ற இடத்தில் அமுக்கி ஒரு பயனும் இல்லை.

நிலத்தையும் பாருங்கள். சுற்றி உதைக்கின்ற மவாஷி கெரியில் ஊன்றிய பாதம் திரும்ப வேண்டும், குதிக்கால் இலக்கைப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான சீமெந்தில் வெறுங்காலோடு பாதம் ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், முழங்கால் முறுகும். காற்றில் முழுப் பலத்தோடு உதைத்துக் காலை உதறவும் விடாதீர்கள். உதைத்த வேகத்திலேயே மடக்கப் பழக்குங்கள்.

எங்கள் பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12, 13 வயதில் பல உம்மாமார் பிள்ளையை நிறுத்திவிடுகின்றார்கள். உடுப்புத்தான் காரணம் என்று நினைக்கின்றோம். ஆனால் உலக கராத்தே சம்மேளனம் 2013 முதல் தலை மறைப்பை அனுமதிக்கின்றது. எகிப்தின் ஹிதாயா மலாக் தலையை மறைத்துக்கொண்டே தேக்வாண்டோவில் 2016 ரியோவிலும் தோக்கியோவிலும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் எடுத்தார். உண்மையான கவலை வேறு: யார் தொடுகின்றார், எங்கே தொடுகின்றார் என்பது. அது முஸ்லிம் வீட்டுக் கவலை மட்டும் இல்லை, எல்லா அம்மாமாருக்கும் உள்ளது. ஆள் அமுக்குகின்ற பழக்கத்தை விட்டாலே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். திருத்த வேண்டிய இடத்தில் ஒரு மூத்த மாணவி திருத்தட்டும்.

நோன்பு காலத்திலும் ஒரு வார்த்தை. நோன்போடு வருகின்ற பிள்ளைக்கு மெதுவான பயிற்சி போதும். தண்ணீர் குடிக்காத உடம்போடு போட்டி வைக்க வேண்டாம்.

பெற்றோரிடம் கேட்பது: மாதம் ஒரு தரமாவது வகுப்பு முடியும்வரை இருந்து பாருங்கள். வோர்ம் அப் எத்தனை நிமிடம், பிள்ளையை யாராவது அமுக்குகின்றார்களா, "வலிக்குது" என்றால் என்ன பதில் கிடைக்கின்றது என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்பிளிட் படத்தைக் காட்டி உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்கள்.

மாஸ்டர்மாரிடம் கேட்பது ஒரே விதி. பிள்ளை "போதும்" என்றால் போதும். தன் உடம்பு சொல்வதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும். தற்காப்புக் கலை என்று பெயர் வைத்திருக்கின்றோம். காக்க வேண்டிய முதல் உடம்பு அந்தப் பிள்ளையின் உடம்பு.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பழக்குகின்றவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.