புல்லும் பொறியும்

சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், தம் வீட்டுப் புல்வெளியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. இருபது ஆண்டுகளில் மூன்று முறை எந்திரம் மாற்றிவிட்டாராம். இப்போது இருப்பது ஏறி அமர்ந்து ஓட்டுவது. படத்தில் சிறிய டிராக்டர் போலிருந்தது. மழித்த புல்லை என்ன செய்வீர்கள் என்றேன். பையில் கட்டித் தெருவோரம் வைத்துவிடுவோம் என்றார்.

அவரை எள்ளி நகையாடும் தகுதி எனக்கில்லை. பல்லாவரத்தில் வீட்டைச் சுற்றி அரை கிரவுண்டு மண் வைத்திருக்கும் நானும் அதே வழியில் நடந்தவன்தான்.

அப்பா காலத்தில் எங்கள் புல்லை வெட்டியவர் பால் ஊற்றும் அம்மாள். கருக்கரிவாளோடு வருவார், அருகும் கோரையும் கலந்த கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவார். கூலி கேட்டதில்லை, நாங்களும் புல்லுக்கு விலை கேட்டதில்லை. வீடு என் பொறுப்புக்கு வந்தபின், மழைக்காலத்தில் அவர் வரத் தாமதமாவது எனக்குக் குறையாகப் பட்டது. 2005இல் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கையால் தள்ளும் பழைய எந்திரம் ஒன்றை வாங்கினேன். பல்லாவரம் சந்தையில் கிடைக்காத பழம்பொருள் ஏது? அது ஈரப்புல்லில் சிக்கியது. அடுத்து மின்சாரத்தில் ஓடுவது. அதன் ஒயர் தென்னையைச் சுற்றிக்கொண்டது. 2015 பெருமழைக்குப் பின் இடுப்பளவு வளர்ந்த புல்லைக் கண்டு அஞ்சி, தோளில் மாட்டும் பெட்ரோல் எந்திரம் வாங்கினேன். ஒவ்வொன்றும் முந்தையதன் குறைக்கு மருந்தாக வந்தது. யாருக்காக வெட்டுகிறோம் என்பதை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.

இந்த எந்திரத்தின் மூலம் நெசவாலையில் இருக்கிறது. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் பொறியைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் இதை உருவாக்கி, 1830இல் காப்புரிமை பெற்றார். புல்லைத் துணியாகக் கண்ட கண் அது; அந்தக் கண்ணுக்குச் சீவப்பட்டது கழிவு. நமக்கோ புல் என்றாலே தீவனம். தொல்காப்பியரின் பகுப்பு இன்னும் அகலமானது: வயிரம் வெளிப்புறத்தில் இருக்குமானால் அது புல்லினம், ஆகவே என் தென்னையும் புல்தான். (இதைச் சொன்னபோது, அதை வெட்ட எந்த எந்திரம் வேண்டும் என்று கேட்டார் மைத்துனர்.)

பெட்ரோல் எந்திரம் வந்த வாரம் அந்த அம்மாள் வாசலில் நின்றார். "புல்ல குப்பையிலயா போடுறீங்க சாரு? என் மாடு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். ஒரு கூடை அள்ளிக் கொடுத்தேன். பொடிப்பொடியான புல்லில் எண்ணெய் வாடை. மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். சில ஆண்டுகளில் மாடுகளை விற்றுவிட்டார். மனைகளாகிவிட்ட வெற்று நிலங்கள்தாம் முதற்காரணம் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அவருக்கு இல்லாமற்போன புல்லில் என் வீட்டுக் கட்டும் ஒன்று.

சென்ற ஞாயிறு கருக்கரிவாளை நானே பிடித்தேன். அரைமணியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கட்டு தேறியது, வாங்கிக்கொள்ளத்தான் மாடில்லை. சந்தைப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரை விசாரித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.