‘ஆகவே’ என்ற சொல்லின் கீழ் மறைந்திருக்கும் பிழை

மே 1 நெருங்கினால் அந்தப் படமும் வலம் வரத் தொடங்கிவிடுகிறது. மூன்று மரக்கம்பங்கள், அவற்றில் பிணைக்கப்பட்ட ஒரு மனிதன், கீழே ஒரு விளக்கம்: வேலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘த்ரவாய்’, ஸ்பானிஷ் ‘த்ரபாஹோ’, போர்த்துகீசிய ‘த்ரபால்யு’ ஆகிய மூன்றும் ‘த்ரிபாலியும்’ என்ற இலத்தீன் வதைக்கருவியின் பெயரிலிருந்து பிறந்தவை, ஆகவே வேலை என்பதே வதை. இதைப் பகிர்வோரில் ஆய்வாளர்களும் இருப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதற்பாதியோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. இலத்தீனில் ‘த்ரி’ மூன்று, ‘பாலுஸ்’ கம்பம். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஓசேர் நகரில் கூடிய ஆயர் மன்றம், குற்றஞ்சாட்டப்பட்டோர் வதைக்கப்படும் ‘த்ரெபாலியும்’ அருகே குருமார் நிற்கலாகாது என விதித்தது. ஒலி மாற்றங்களும் பெரும்பாலும் ஒழுங்கானவையே. இலையைக் குறிக்கும் ‘ஃபோலியா’ ஸ்பானிஷில் ‘ஓஹா’ என்றும் போர்த்துகீசியத்தில் ‘ஃபோல்யா’ என்றும் ஆன அதே வழியில்தான் இச்சொல்லின் இறுதியும் திரிந்தது. முதலசையில் வந்த அகரம் மட்டும் உறுத்துகிறது. உத்திரத்தைக் குறிக்கும் ‘த்ரப்ஸ்’ என்ற சொல்லின் சாயல் அதில் படிந்திருக்கலாம் என்போர் உண்டு.

கோளாறு அந்த ‘ஆகவே’யில் இருக்கிறது. வதைக்கூடத்திலிருந்து தொழிற்கூடத்துக்கு இச்சொல் ஒரே தாவலில் வரவில்லை. இடைக்காலப் பிரெஞ்சில் அதன் பொருள் துன்பம், வேதனை. பேற்றுநோவை இன்றும் பிரெஞ்சுக்காரர் ‘த்ரவாய்’ என்றே சொல்கின்றனர். 1617இல் வெளிவந்த செர்வாந்தெஸின் கடைசி நாவலின் தலைப்பில் உள்ள ‘த்ரபாஹோஸ்’ நாயகனும் நாயகியும் பட்ட இன்னல்களே அன்றி அவர்கள் பார்த்த உத்தியோகங்கள் அல்ல. அந்நாளில் பிரெஞ்சில் வேலை செய்தலைக் குறிக்க ‘ஊவ்ரே’, ‘லபூரே’ என வேறு வினைகள் இருந்தன. பின்னது உழுதல் என்று சுருங்கியது, முன்னது வழக்கொழிந்தது. காலியான இடத்தில் ‘த்ரவாயே’ வந்தமர்ந்தது. (வேலை நாள்களைக் குறிக்கும் ‘ஜூர் ஊவ்ராப்ல்’ என்ற தொடரில் ‘ஊவ்ரே’ இன்னும் ஒளிந்திருக்கிறது. கடை திறந்திருக்கும் நாள் என்றே அதைப் பலர் புரிந்துகொள்கின்றனர்!) சொற்களஞ்சியத்துக்குள் நடந்த இந்த இடமாற்றத்தை ஒரு நாகரிகத்தின் ஒப்புதல் வாக்குமூலமாக வாசிப்பது எந்த முறையியல்?

இத்தாலிக்கு வாருங்கள். பொது இத்தாலியத்தில் ‘த்ரவால்யோ’ துன்பத்தோடு நின்றுவிட்டது; வேலைக்கு ‘லவோரோ’. சிசிலியிலும் பியமோந்திலும் அதே வேர் வேலை செய்தலைக் குறிக்கிறது. சிசிலிக்காரருக்கு வேலை வதை, ஃபிளாரன்ஸ்காரருக்கு இல்லை என்று சொல்வோமா? ‘லவோரோ’வின் தாயான ‘லபோர்’ என்பதற்கும் இலத்தீனில் இன்னல் என்ற பொருள் உண்டு. பயணத்தைக் குறிக்கும் ஆங்கில ‘டிராவல்’ இதே மரத்தின் கிளை என்பதால் சுற்றுலாப் பயணி எவரும் வதைபடுவதாக நாம் எழுதுவதில்லை.

ருமேனியம் இந்த வாதத்தை முற்றாக உடைக்கிறது. அங்கே வேலை செய்தலுக்கு இரண்டு வினைகள்: ‘லுக்ரா’, இலாபம் ஈட்டுதலைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து, ‘முன்ச்சி’, வேதனையைக் குறித்த ஸ்லாவியச் சொல்லிலிருந்து. வேரே பொருள் என்றால், அங்குள்ள தொழிலாளி ஒரே வேலையில் ஒரே நேரத்தில் வதையும் படுகிறார், இலாபமும் ஈட்டுகிறார். முதலாளி முதல் வினையை எடுத்துக்கொண்டு, “உன் வேலையே உனக்கு இலாபந்தானே, கூலி எதற்கு?” என்று கேட்டால், வேர்ச்சொல்லைச் சான்றாக ஏற்றுக்கொண்டவர் என்ன விடை சொல்வார்?

துன்பத்தைக் குறித்த சொற்கள் உழைப்பைக் குறிக்க வருவது பல மொழிகளில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. ஆராயத்தக்க செய்தி அதுதான். அதற்குக் கம்பமும் கயிறும் வேண்டியதில்லை. தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள்தாம் இப்படத்தைப் பரப்புகிறார்கள் என்பதை அறிவேன். நானும் அந்தப் பக்கந்தான். ஆனால் ஒரு பெயரின் வேரைக் காட்டி ஒரு சாதியின் தகுதியைத் தீர்மானிக்கும் நூல்கள் நம் நாட்டில் ஏராளம். அவற்றை மறுக்கும்போது, தோற்றம் பொருளைக் கட்டுப்படுத்தாது என்கிறோம். அந்த விதிக்கு மே மாதத்தில் மட்டும் விடுமுறை கொடுக்க முடியாது.